முக்கொம்பில் நான் கைகாட்டிய குடும்பம்

முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டே இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. திருச்சியிலேயே பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் மலைக்கோட்டை உச்சிவரை ஏறியிருக்கிறோம்? வெளியூரிலிருந்து விருந்தாளி வந்து இழுத்துக்கொண்டு போனால் உண்டு. இல்லாவிட்டால் கீழே மாணிக்க விநாயகரோடு சரி. எங்கள் வீடு தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மாடியில் துணி காயப்போட்டுவிட்டு நிமிர்ந்தால் பாறை நேரே நிற்கும். உச்சிப்பிள்ளையாருக்கு அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிடுவோம். மலைக்குப் போகலாம் என்று நான் எப்போது கேட்டாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான்.

"பக்கத்துலதானே இருக்கு. எங்க ஓடிப்போயிடப் போகுது?"

பாறை ஓடாது என்பது உண்மைதான். ஆனால் எனக்கு ஒன்பது வயதான அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக்கே திடீரென்று ஊர்சுற்றும் பைத்தியம் பிடித்தது. பங்குனி முடிந்து ஆனி முடிவதற்குள் மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், கல்லணை, முக்கொம்பு என்று நான்கு இடம் பார்த்துவிட்டோம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல கோடை வந்ததில்லை.

அந்தப் பைத்தியத்துக்குக் காரணம் என் சித்தி.

சித்தி அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. தாத்தா போன பிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நல்ல உயரம். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் வருவாள், நிமிர்ந்தால் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். வயது இருபத்தாறு. இன்றைக்கு அது ஒரு வயதே இல்லை. அன்றைக்குத் தெருப் பெண்கள் அதை வாயில் கை வைத்துக்கொண்டு சொல்வார்கள்.

முந்தின வருடம் மூன்று முறை வீட்டிலேயே பெண் பார்க்க வந்துவிட்டுப் போனார்கள். அதில் ஒரு சங்கடம். எங்கள் வீட்டு பஜ்ஜி வாசனை தெருமுனைவரை போகும். மறுநாள் குழாயடியில் ஒவ்வொருத்தியும் அம்மாவைப் பிடித்துக்கொள்வாள்: "என்னங்க, நேத்து பஜ்ஜி வாசனை வந்துச்சே, நல்ல சேதிதானா?" நல்ல சேதி வரவில்லை. மூன்றாவது முறையும் வராதபோது அம்மா வாணலியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இனிமே இந்த வீட்டுல பஜ்ஜியே போடறதில்ல" என்று சபதம் செய்தாள். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றதற்குத் தண்டனை எனக்கு.

அப்போதுதான் தரகர் அந்த யோசனையைச் சொன்னார். "வெளியில வச்சுக்கலாங்க. கோயில், அணைக்கட்டு, பார்க்கு. தற்செயலா சந்திச்ச மாதிரி. புடிச்சுதா, மேல பேசிக்கலாம். புடிக்கலையா, சாமி கும்பிட்ட புண்ணியம் மிச்சம். தெருவுக்கும் தெரியாது."

இதில் ஒரு முறை இருந்தது. இரண்டு தரப்பும் எதற்கு வந்தோம் என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. 'அட, நீங்களும் இங்கேயா' என்று ஆரம்பித்து, வெயிலைப் பற்றிப் பேசி, கொண்டுவந்த பலகாரத்தை நீட்டி, அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்தியிடமும் சொல்ல மாட்டார்கள். "சும்மா சுத்திப் பார்த்துட்டு வருவோம்" என்பார்கள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்பா அம்மா இருவரின் உறுதியான நம்பிக்கை. எனக்கே இரண்டாவது தடவை தெரிந்துவிட்டது. சாதாரண நாளில் சித்தி தலைக்கு அரை முழம் பூ. சும்மா சுற்றிப் பார்க்கிற நாளில் இரண்டு முழம்.

முதலில் மலைக்கோட்டை. தஞ்சாவூர்ப் பக்கத்து வரன். காலையிலேயே படி சுட்டது. உள்படியில் ஏறும்போது வௌவால் நாற்றமும் கற்பூர வாசனையும் கலந்து வரும், ஞாபகம் இருக்கிறதா? நான் படிகளை எண்ணிக்கொண்டே போனேன். இருநூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை குழம்பிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா தாயுமானவர் சன்னிதிக்கு முன்பே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையும், "அம்மாவுக்குத் துணை" என்று சொல்லி, அவரைவிட அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பாவும் அம்மாவும் மரியாதைக்கு நின்றார்கள். சித்தி என் கையைப் பிடித்தாள்.

"மேல போலாமா?"

ஓடினோம். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள். உச்சியில் காற்று அவளுடைய இரண்டு முழத்தையும் அவிழ்த்துவிட்டது. காவிரி அப்போது முழுக்க மணல், நடுவே கோடு போட்டாற்போல் தண்ணீர். அந்தப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஸ்ரீரங்கம். இன்றைக்கு நிற்கிற ராஜகோபுரம் அப்போது ஏது? வெறும் மொட்டைக் கோபுரம்தான். சித்தி அதைக் காட்டி, "அது எத்தனையோ வருஷமா முடியாம நிக்குது பாரு, அதை யாராவது குழாயடியில கேக்கறாங்களா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எதற்கென்று பிறகுதான் புரிந்தது.

தஞ்சாவூரிலிருந்து பதில் வந்தது: 'பெண் ரொம்ப வேகமாக நடக்கிறது.'

அடுத்தது ஸ்ரீரங்கம். தாயார் சன்னிதிப் பக்கம் சந்திப்பதாக ஏற்பாடு. நாங்கள் அரை மணி நேரம் தற்செயலாக அங்கேயே நின்றோம். அம்மா ஒரே தூணை மூன்று முறை ரசித்தாள். கோயில் கைங்கரியத்தில் இருக்கிற ஒருவர், பஞ்சகச்சமும் பளிச்சென்ற திருமண்ணுமாக, எங்களைத் தாண்டி இரண்டு தடவை போனவர் மூன்றாவது தடவை நின்றார்.

"தாயாரைச் சேவிச்சாச்சோ?"

"ஆச்சுங்க."

"பொண்ணு பார்க்கற கோஷ்டியா? இங்க நிக்காதீங்கோ, வெயில் ஏறிடும். சேஷராயர் மண்டபத்துக்குப் போங்கோ, குதிரைத் தூண் நிழல்ல உட்காரலாம். எல்லாரும் அங்கதான் பார்ப்பா. க்ஷேமமா அமையும், அவன் பார்த்துப்பான்."

அம்மாவின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சித்தி தூணுக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஒருவழியாக வந்து சேர்ந்த மாப்பிள்ளையின் பெரியம்மா சித்தியின் உயரத்தைத் தன் கண்ணாலேயே அளந்தார். "எங்க வீட்டு மின்விசிறி தாழ்வா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் வேண்டாம் என்றதற்கு உண்மையாகவே அதுதான் காரணம். ஆனால் எனக்கு அன்று பாயும் கல் குதிரைகளின் வயிற்றுக்குக் கீழே புகுந்து புகுந்து வரக் கிடைத்தது. சுடுமணலில் ஓடி மதிலோர நிழலைப் பிடிக்கிற விளையாட்டை சித்தியும் நானும் கண்டுபிடித்தோம். மின்விசிறி எக்கேடு கெட்டால் என்ன?

கல்லணைக்கு வரன் வரவேயில்லை. எங்களைப் பொறுத்தவரை அதுதான் மிகச் சிறந்த பயணம். பிற்பகல் முழுக்கக் காத்திருந்தோம். அப்பா, "வந்தது வந்தாச்சு, இருக்கறதைப் பார்த்துட்டுப் போவோம்" என்று சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினார். பாலத்தின் மேல் நின்று, அத்தனை பழைய கல்லை அடுக்கின கை எப்படிப்பட்டதாக இருக்கும் என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார். மணலில் தேங்கிய தண்ணீரில் கால் வைத்தால் சின்ன மீன்கள் வந்து கொத்தும். புளிச்சோற்றுப் பொட்டலம் மாப்பிள்ளை வீட்டாருக்கும் சேர்த்துக் கட்டியது. நாங்களே எல்லாவற்றையும் தின்று தீர்த்தோம். திரும்பும்போது பஸ்ஸில் சித்தியின் மடியில் படுத்துக்கொண்டு, இவளுக்குக் கல்யாணமே ஆகக்கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன். அந்தப் பாவமும் எனக்கு உண்டு.

ஆனால் ஆனி பிறந்ததும் வீட்டில் சிரிப்பு குறைந்துவிட்டது. ஆடி வந்துவிட்டால் கல்யாணப் பேச்சு கிடையாது. ஆவணியில் சித்திக்கு இருபத்தேழு. அந்தச் சமயத்தில்தான் துறையூர் வரன் வந்தது. அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. ஜாதகம் அப்படியே பொருந்தியது. அவர்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்து சித்தியை ஏற்கெனவே தூரத்திலிருந்து பார்த்துவிட்டார்களாம், பிடித்தும் விட்டதாம். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. "சும்மா முறைக்கு ஒரு தடவை முக்கொம்புல பார்த்துட்டு, சாயங்காலமே பூ வச்சுடலாம்" என்றார். சித்தியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. கெட்ட மனிதர் இல்லை என் அப்பா. நம் அப்பாக்கள் எல்லோரும் அப்படித்தானே இருந்தார்கள்?

மாப்பிள்ளையின் போட்டோ ஒன்றைத் தரகர் கொடுத்திருந்தார். அப்பா அதை ஒரு தடவை பார்த்துவிட்டு பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். கிளம்புகிற நாளில் பார்த்தால் காணோம். அம்மா அரிசி டப்பாவைக்கூடக் கவிழ்த்துத் தேடினாள். அப்பாவுக்கு முகம் ஞாபகமில்லை. "கோட்டு போட்டிருந்தாரு" என்றார். முக்கொம்புக்கு யார் கோட்டு போட்டுக்கொண்டு வருவார்கள்? தரகர் நேரே அங்கே வந்துவிடுவதாகச் சொல்லி அடையாளமும் கொடுத்தனுப்பினார்: மஞ்சள் பை, கறுப்புக் குடை, கூட அம்மா.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது அம்மா என் தலையைத் தடவி, "இன்னிக்கோட இந்த அலைச்சல் முடிஞ்சுதுடி" என்றாள். நான் சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

முக்கொம்பில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. செம்மண் நிறத்தில், அணை ஷட்டர்களுக்குக் கீழே நுரைத்துக்கொண்டு, காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பிரிகிற அந்த இடத்தில் இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. பூங்காவில் நல்ல கூட்டம். தரகரைக் காணோம். அம்மா என்னை அனுப்பினாள். "ஓடிப்போய் மஞ்சள் பையும் கறுப்புக் குடையும் எங்க இருக்குன்னு பார்த்துட்டு வா. யார்கிட்டயும் ஒண்ணும் கேக்காதே."

பார்த்தேன். தேடவே தேவையில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மஞ்சள் பை இருந்தது, கறுப்புக் குடை இருந்தது, அம்மா இருந்தார். பை அந்த அம்மாவின் ஒரு கையில், குடை இன்னொரு கையில். குடைக் கையை எட்டித் தூக்கி, வளர்ந்த பிள்ளையின் தலைக்கு அவர் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அவர் தலை வெயிலில் இருந்தது. பிள்ளை கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்துக்கொண்டே, "பிளாஸ்க் மூடியைத் தொலைச்சிட்டு வந்து நிக்கிறியே, அறிவு இருக்கா உனக்கு?" என்றார். அந்த அம்மா குடையைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தார்.

நான் பின்வாங்கினேன். மரத்தடியில் இன்னொரு குடும்பம். ஒரு அம்மா, ஒரு அக்கா, ஒரு ஆள். அவர்களிடமும் மஞ்சள் பை இருந்தது. அந்த ஆள் மடக்குக் கத்தியால் வெள்ளரிப் பிஞ்சைக் காம்புவரை நாலாகக் கீறி, உள்ளே உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய் அழுக்கு. நான் உற்றுப் பார்ப்பதைப் பார்த்து, யார் நீ என்றுகூடக் கேட்காமல், முதல் பிஞ்சை என்னிடம் நீட்டினார்.

"சாப்பிடு பாப்பா. காரம் போதுமா பாரு. இவங்க ரெண்டு பேரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க."

"உப்பு கொஞ்சம் வேணும்" என்றேன்.

"பார்த்தீங்களா!" என்று அம்மாவையும் அக்காவையும் பார்த்துச் சிரித்தார்.

நான் திரும்பி வந்து, வெள்ளரியை மென்றுகொண்டே மரத்தடியைக் காட்டினேன்.

"அவங்கதான்."

"குடை எங்கடி?" என்றாள் அம்மா.

"பைக்குள்ள இருக்கும்."

என் யோக்கியதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சித்திக்காகப் பாதி. இது கெட்டுப்போனால் இன்னும் நாலு இடம் சுற்றலாமே என்று மீதிப் பாதி. சித்தி ஒரு முறை சுற்றிலும் பார்த்தாள். எப்போதும் அம்மாவுக்குப் பின்னால் வருகிறவள், அன்று எங்களுக்கு முன்னால் மரத்தடிக்கு நடந்தாள்.

"அட, நல்ல நிழலாப் பார்த்து உக்காந்துட்டீங்களே" என்று அப்பா ஆரம்பித்தார்.

"வாங்க, வாங்க, இடம் நிறைய இருக்கு" என்று அந்த அம்மா துண்டை விரித்தார்.

"எந்த ஊர்லேருந்து?"

"உப்பிலியபுரம் பக்கங்க. துறையூர் வந்துதான் பஸ் மாறணும்."

துறையூர் என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பாவுக்குச் சந்தேகமே போய்விட்டது. கண்ணைச் சிமிட்டி அம்மாவுக்குச் சைகை காட்டினார். வாய்விட்டு ஒன்றும் கேட்கக்கூடாது என்பதுதான் முறையாயிற்றே. முறுக்கு அந்தப் பக்கம் போயிற்று, வெள்ளரி இந்தப் பக்கம் வந்தது.

"தம்பிக்கு ஆபீஸ்ல வேலை அதிகமோ?"

"நமக்கு ஏதுங்க ஆபீஸ். கிணத்துக்குள்ளதான் ஆபீஸ்" என்றார் அவர். பம்ப்செட் மெக்கானிக் அவர். கெட்டுப்போன மோட்டாரைத் தேடிக் கிணற்றில் இறங்குகிறவர். அது தெரியாமல் அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, அம்மாவின் காதில், "தமாஷான ஆளா இருக்காரு, தங்கம்!" என்றார். சித்தியிடம் அவர், "டீச்சருங்களா? எனக்கு வாய்ப்பாடு பன்னெண்டுக்கு மேல ஓடாது" என்றார். சித்தி, "என் பசங்களுக்கு எட்டுக்கு மேலயே ஓடாது" என்றாள். ஒரு மாப்பிள்ளைக்கு சித்தி பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முக்கால் மணி நேரம் கழித்துத் தரகர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பஸ் பஞ்சராம்.

"என்னங்க இங்க உக்காந்திருக்கீங்க! அவங்க அங்க குழாயடியில காத்திருந்து காத்திருந்து, கோவிச்சுக்கிட்டு இப்பத்தான் பஸ் ஏறினாங்க. எப்பேர்ப்பட்ட இடம்! போச்சே!"

அப்பா கையிலிருந்த வெள்ளரியோடு அப்படியே உறைந்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வை முதுகில் அடி விழுவதற்கு முன்னறிவிப்பு. நான் சித்திக்குப் பின்னால் ஒளிந்தேன். அப்பா தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி, மன்னிக்கச் சொல்லிக் கும்பிட்டார். உப்பிலியபுரத்து அம்மா கேட்டுவிட்டு, முறுக்கை நிதானமாக மென்று முடித்தார்.

"அதனால என்னங்க? தப்பாப் பார்த்தாலும் பார்த்தது பார்த்ததுதானே. எங்க பையனுக்கும் மூணு வருஷமாப் பார்த்துட்டுத்தான் இருக்கோம்."

மெக்கானிக் கத்தியை மடக்கத் தெரியாமல் விழித்தார்.

பிறகு நடந்தது சுலபமாக நடக்கவில்லை. அரசாங்க உத்தியோகம் எங்கே, கிணற்றில் இறங்குகிறவன் எங்கே என்று அப்பா ஒரு மாதம் உறுமிக்கொண்டிருந்தார். அவர்கள் யார், எவர், ஒட்டா உறவா என்று துறையூர் முழுக்க விசாரித்து, கடைசியில் தூரத்துச் சொந்தம் ஒன்று அகப்பட்டது. அப்போதும் அப்பாவுக்கு மனம் இறங்கவில்லை. துறையூர்க்காரர்களைக் கெஞ்சிப் பார்க்கப் புறப்பட்டார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரின் முன்னால் சித்தி வந்து நின்றாள். நிலைப்படிக்குக் குனியாமல் உள்ளேயே நின்று, நிமிர்ந்து பேசினாள்.

"போகாதீங்க மாமா. இத்தனை பேர் என்னைப் பார்த்தாங்க. நான் ஒருத்தரைத்தான் பார்த்தேன். அவரே போதும்."

அப்பா செருப்பைக் கழற்றினார். ஆவணியில் கல்யாணம். அன்றைக்கு அம்மா சபதத்தை மறந்து வாணலியை நிமிர்த்தினாள். தெருவே வந்து பஜ்ஜி தின்றது. என் ஊர்சுற்றலும் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் சித்தி வீடுதான். சித்தப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து புளியஞ்சோலைக்குப் போவேன். பச்சமலை அடிவாரத்தில் அவர் சரிசெய்த மோட்டார் தண்ணீரைக் கக்கும்போது முதலில் தலையைக் கொடுப்பவள் நான்தான்.

போன மாதம் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். சித்தப்பா தோட்டத்தில் இருந்தார். இந்த வயதில் இனி எதற்கு மூட்டை சுமக்க வேண்டும் என்று நினைத்து, அந்தப் பொய்யை ஒப்புக்கொண்டேன். குடையைப் பார்த்ததையும் மரத்தடியைக் காட்டியதையும் சொன்னேன். சித்தி எழுந்து பீரோவிலிருந்து ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். அடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். கோட்டு, வகிடு எடுத்துச் சீவிய தலை. பின்னால் அப்பாவின் கையெழுத்தில் 'துறையூர் வரன்'.

"சித்தி! இது தொலைஞ்சு போச்சுன்னு அம்மா அரிசி டப்பாவைக் கவிழ்த்தாளே!"

"தொலையலடி. நான்தான் பஞ்சாங்கத்துலேருந்து எடுத்தேன். ஒரு தடவையாவது நான் முதல்ல பார்க்கணும்னு தோணிச்சு. முக்கொம்புல இறங்கினதுமே ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன். அந்தம்மா குடை பிடிச்சுட்டு நின்னதையும் பார்த்தேன். என்ன பண்றதுன்னு தெரியல. அப்பத்தான் நீ ஓடிவந்து நேர் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினே." சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சுருங்கியிருந்தாலும் மலைக்கோட்டைப் படியில் பிடித்த அதே பிடி. "அதான் முன்னாடி நடந்தேன். எங்க நீ மாத்திச் சொல்லிடுவியோன்னு பயம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் நம் வயதில் இருமல்தான் வருகிறது.

தோட்டத்துக் கதவு சத்தம் கேட்டதும் சித்தி டப்பாவை மூடினாள். "அவர்கிட்ட சொல்லிடாதே. தரகரோட பஸ் பஞ்சரானதாலதான் தனக்கு அதிர்ஷ்டம் அடிச்சுதுன்னு இன்னிவரைக்கும் ஊர் பூரா சொல்லிட்டிருக்காரு."

சித்தப்பா உள்ளே வந்தார். தட்டில் நாலாகக் கீறிய வெள்ளரிப் பிஞ்சுகள். முதல் பிஞ்சை என்னிடம் நீட்டினார்.

"உப்பு போதுமா பாரு பாப்பா. உங்க சித்தி உண்மையைச் சொல்ல மாட்டா."

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி ஜன்னலைப் பார்த்தாள். தின்பதற்கு மட்டும் வாயைத் திறந்தேன்.